ஒரே ஒரு ரத்த மாதிரியை எவ்வளவு தூரம் நம்பலாம்: ஆர் மொழியில் கட்டிப் பார்த்த குறிப்புகள்

மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணின் ரத்தத்தில் எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்) எவ்வளவு இருக்கிறது என்று ஒரு முறை அளக்கிறார்கள். அப்புறம் பத்து வருடம், பதினைந்து வருடம் காத்திருந்து, அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததா இல்லையா என்று பார்க்கிறார்கள். அந்த ஒரு எண் அவருடைய வழக்கமான அளவா, இல்லை ஊசி குத்திய அன்றைக்கு மட்டும் இருந்த அளவா? இந்தக் கேள்வி புள்ளியியல் பாடத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும். கையால் தரவை உருவாக்கி ஓட்டிப் பார்த்தால்தான் அதன் பாதிப்பு எவ்வளவு பெரியது என்று புரிகிறது. அதற்காக ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் நான் எழுதிய நிரலின் குறிப்புகள் இவை. மிக்ஸ்டு மாடல் (ஒரே ஆளிடம் மீண்டும் மீண்டும் எடுத்த அளவீடுகளுக்கானது), காக்ஸ் மாடல் (நோய் வரும் வேகத்தை ஒப்பிடுவது) என்ற பெயர்களைக் கேள்விப்பட்டவர்களுக்கு எளிதாக இருக்கும். மற்றவர்களும் எண்களைப் பிடித்துக்கொண்டு வரலாம்.

மாதிரிக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் நர்சஸ் ஹெல்த் ஸ்டடி. 1976-இல் 1,21,700 செவிலியர்களுடன் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கேள்வித்தாள் போகும். 1989–90-இல் 32,826 பேர் ரத்தம் கொடுத்தார்கள். ரத்தம் எடுக்கும் பொருள்கள் அஞ்சலில் வீட்டுக்கே வரும்; எடுத்த ரத்தத்தைப் பனிப்பொதியோடு கட்டி அன்றே கூரியரில் அனுப்பிவிடுவார்கள்; அங்கே பிரித்து திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். 2000–02-இல் அதே பெண்களில் 18,743 பேர் இரண்டாவது முறை கொடுத்தார்கள். ஒரே ஆளிடம் பத்து வருட இடைவெளியில் இரண்டு அளவீடு என்பது இந்தத் துறையில் பெரிய சொத்து. அந்தத் தரவை விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கித்தான் தொட முடியும். எனக்குத் தேவை முறைகளைச் சோதிப்பதுதான் என்பதால் செயற்கைத் தரவே போதும். சொல்லப்போனால் அதுதான் வசதி: உண்மை எது என்று நமக்கு முன்கூட்டியே தெரியும்.

5000 பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ‘உண்மை’ அளவு. ஹார்மோன் அளவுகள் ஒரு பக்கமாகச் சரிந்து நீளும் என்பதால் எல்லாம் மடக்கை அளவில். சராசரி 0, திட்ட விலக்கம் 1. இந்த உண்மை அளவு ஒரு திட்ட விலக்கம் கூடினால் நோய் வரும் வேகம் 1.8 மடங்கு என்று நானே வைத்தேன். அடிப்படை நோய் விகிதம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 5. நிஜத்தைவிடக் கொஞ்சம் தூக்கல்தான், கேஸ்கள், அதாவது நோய் வந்தவர்கள், போதுமான அளவு கிடைக்கட்டும் என்று. பத்து வருடத் தொடர்கண்காணிப்பில் முந்நூறுக்குப் பக்கத்தில் கேஸ் விழும்.

அடுத்து அளவீடு. உண்மை அளவோடு 0.667 பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) உள்ள இரைச்சலைச் சேர்த்தால் ‘அன்றைய ரத்தம்’ தயார். 0.667 எதற்கு? ஒரே பெண்ணிடம் வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு அளவீடுகளுக்கு இடையே உள்ள உறவு, அதாவது ஐசிசி, 1 ÷ 1.667 = 0.6 என்று வர வேண்டும் என்பதற்காக. இந்த இரைச்சலுக்குள் ஆய்வகக் கருவியின் தடுமாற்றமும் உண்டு, உடம்பு நாளுக்கு நாள் மாறுவதும் உண்டு. இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் ஒரே குழாய் ரத்தத்தை இரண்டு தடவை அளந்திருக்க வேண்டும்.

ஓட்டினேன். உண்மை அளவைக் காக்ஸ் மாடலில் போட்டால் 1.8 திரும்பி வருகிறது, எதிர்பார்த்ததுதான். ஒற்றை ரத்த அளவைப் போட்டால் 1.42. இரண்டு அளவீடுகளின் சராசரியைப் போட்டால் 1.55. மூன்றின் சராசரிக்கு 1.62. சரி, பத்து முறை குத்தினால்? அப்போதும் 1.74தான். 1.8-இன் மடக்கையான 0.588 என்ற உண்மைக் கெழுவை 0.6-ஆல் பெருக்கி மடக்கையை நீக்கினால் 1.42 கிடைக்கும் என்று காகிதத்திலேயே கணக்குப் போடலாம். ஆனால் திரையில் 1.8 உருகி 1.42 ஆவதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

ஐந்தில் ஒரு பங்காகப் பிரித்தும் பார்த்தேன், ஏனென்றால் ஆய்வுக் கட்டுரைகளில் ‘மேல் ஐந்திலொரு பங்கினர், கீழ் ஐந்திலொரு பங்கினர்’ என்றுதான் ஒப்பிடுவார்கள். முதல் அளவீட்டில் மேல்தட்டில் இருந்தவர்களில் இரண்டாவது அளவீட்டிலும் அங்கேயே இருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர். மீதிப்பேர் கீழே சிதறிவிட்டார்கள். ஒரு வரிசையைத் தனியாக எடுத்துப் பார்த்தேன்: முதல் அளவு 2.0, இரண்டாவது 0.5, நிஜ அளவு 0.9. முதல் ரத்தத்தை மட்டும் பார்த்த ஆய்வாளருக்கு இவர் ‘மிக அதிகம்’. உண்மையில் சராசரிக்கு மேலேதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

2002-இல் ஒன்பது தொடர்கண்காணிப்பு ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கூட்டாய்வு வந்தது. மாதவிடாய் நின்றவர்களில் புற்றுநோய் வந்த 663 பேர், வராத 1765 பேர். எஸ்ட்ரடையால் இரண்டு மடங்கானால் அபாயம் 1.29 மடங்கு என்று முடிவு. மேலே உள்ள கணக்கைப் பார்த்தவர்கள் அந்த 1.29-ஐக் குறைந்தபட்ச மதிப்பாகத்தான் படிப்பார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: இரைச்சல் எப்போதும் விளைவை மங்க வைக்கும் என்பது ஒரே ஒரு காரணி இருக்கும்போது சரி. இரண்டு காரணிகள் வந்ததும் கதை மாறுகிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

திருத்தும் வேலைக்கு ரிக்ரெஷன் காலிப்ரேஷன் என்று பெயர். பெர்னார்ட் ரோஸ்னர், வால்டர் வில்லெட், டோனா ஸ்பீகல்மன் மூவரும் 1989-இல் இதே செவிலியர் ஆய்வை மனதில் வைத்து எழுதியது. எல்லோரிடமும் இரண்டாவது ரத்தம் வாங்கக் காசு கிடையாது. ஒரு சின்னத் துணைக்குழுவிடம் மட்டும் வாங்கு, எவ்வளவு இரைச்சல் என்று அங்கே கற்றுக்கொள், அதை வைத்து மொத்தக் குழுவின் கெழுவைச் சரிசெய் என்பதுதான் சாரம். நான் 80 பெண்களைத் துணைக்குழுவாக வைத்தேன். தனித் தொகுப்பு எதுவும் வேண்டியதில்லை. இரண்டாவது அளவை முதல் அளவின் மேல் சாதாரண ரிக்ரெஷன் போட்டால் சாய்வு 0.6-க்குப் பக்கத்தில் வருகிறது. காக்ஸ் கெழு 0.353-ஐ அதால் வகுத்தால் 0.588. திரும்பவும் 1.8.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. திருத்துவதற்கு முன் 1.42-க்கான நம்பிக்கை இடைவெளி 1.30 முதல் 1.55 வரை. கெழுவை வகுத்தால் பிழையையும் வகுக்க வேண்டும்: 1.56 முதல் 2.08. இதோடு முடியவில்லை. அந்த 0.6 என்பதே 80 பேரை வைத்து மதிப்பிட்டது, 0.53-ஆகவும் இருக்கலாம், 0.67-ஆகவும் இருக்கலாம். அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்தால் 1.47 முதல் 2.20 வரை அகலமாகிறது. சேர்க்கும் வழி எளிது: பூட்ஸ்ட்ராப்பில் (இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுக்கும் முறை) ஒவ்வொரு சுற்றிலும் துணைக்குழுவையும் மொத்தக் குழுவையும் சேர்த்தே மறுபடி குலுக்கிப் போட வேண்டும். துணைக்குழுவை அப்படியே வைத்துக்கொண்டு மொத்தக் குழுவை மட்டும் குலுக்கினால் இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும். ஆக, திருத்தம் இலவசமாக வருவதில்லை. புள்ளி மதிப்பு நேராகும், இடைவெளி வீங்கும்.

இப்போது இரண்டாவது காரணி: உடல் நிறைக் குறியெண், அதாவது பிஎம்ஐ. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. அங்கே இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதனால் எடை கூடியவர்களுக்கு எஸ்ட்ரடையாலும் கூடும். என் தரவில் இரண்டுக்கும் உறவு 0.5 என்று வைத்தேன். பிஎம்ஐக்கு நோயின் மேல் நேரடி வேலை எதுவுமே இல்லை, எஸ்ட்ரடையால் வழியாக மட்டும்தான் என்றும் வைத்தேன். ஒற்றை ரத்த அளவையும் பிஎம்ஐயையும் சேர்த்து மாடலில் போட்டால்: எஸ்ட்ரடையால் 1.36-க்கு இறங்கியது, ஒன்றுமே செய்யாத பிஎம்ஐ 1.15 என்று நிமிர்ந்து நின்றது. எஸ்ட்ரடையால் இரைச்சலில் தொலைத்த பங்கைப் பக்கத்தில் இருந்த, துல்லியமாக அளக்கப்பட்ட பிஎம்ஐ எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் ஆயிரமாகப் பெண்களைச் சேர்த்தாலும் இது போகாது. ‘முக்கியத்துவம்’தான் இன்னும் கூடும். காலிப்ரேஷன் செய்யும்போது துணைக்குழு ரிக்ரெஷனிலும் பிஎம்ஐயைச் சேர்த்தால் 1.15 ஒன்றுக்கு இறங்கிவிடுகிறது. முதன்மை மாடலில் உள்ள எல்லாக் காரணிகளும் காலிப்ரேஷன் மாடலிலும் இருக்க வேண்டும் என்ற விதியின் காரணம் இதுதான்.

நிஜ உலகில் இதை ஒட்டிய ஒரு முடிவு உண்டு. அதே கூட்டாய்வுக் குழு 2003-இல் பார்த்தபோது, பிஎம்ஐ 5 அலகு கூடினால் 1.19 என்றிருந்த அபாயம், கட்டுறா எஸ்ட்ரடையாலை (ரத்தப் புரதங்களோடு ஒட்டாமல் இருக்கும் பகுதி) மாடலில் சேர்த்ததும் 1.02 ஆனது. இரைச்சலோடு அளந்தும் அவ்வளவு இறங்கியிருக்கிறது என்றால் ஹார்மோன் வழியின் பங்கு பெரிது என்று நான் படிக்கிறேன்.

ஆய்வக பேட்ச் (ஒன்றாகச் சேர்த்து அளக்கும் மாதிரிகளின் தொகுதி) விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி பத்து கிராம் குறைத்துக் காட்டும் தராசால் ஒப்பீடு கெடாது. ஒரு வரிசைக்கு ஒரு தராசு, இன்னொரு வரிசைக்கு வேறு தராசு என்றால்தான் வம்பு. கேஸ்களின் ரத்தத்தை ஒரு பேட்சிலும் கண்ட்ரோல்களை (நோய் வராதவர்களை) வேறு பேட்சிலும் அளந்து, கேஸ் பேட்சில் வெறும் 0.3 அலகு கூடுதலாகக் காட்டும்படி வைத்தேன். நோயோடு எந்த உறவும் இல்லாத தரவில் 1.2 மடங்கு ‘அபாயம்’ முளைத்தது. எத்தனை முறை மீள அளந்தாலும் சராசரி எடுத்தாலும் இது அடங்காது, ஏனென்றால் இது இரைச்சல் இல்லை, ஒரே பக்கமாக இழுக்கும் பிழை. கேஸையும் அவருக்கு இணையாகத் தேர்ந்த கண்ட்ரோலையும் ஒரே பேட்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எது என்று ஆய்வகத்துக்குச் சொல்லாமல் அளக்கச் சொல்வதுதான் மருந்து. தரவுக் கோப்பில் பேட்ச் எண் என்ற பத்தி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

இதுவரை உண்மை அளவு மாறாது, இரைச்சல் மட்டும் மாறும் என்ற அனுமானம். மார்பக அடர்த்திக்கு அது செல்லாது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படத்தில் வெள்ளையாகத் தெரியும் சுரப்பித் திசு, இழைத் திசுவின் பங்குதான் அடர்த்தி. வயதாக ஆகக் குறையும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் வேகமாக. அடர்த்தி அதிகமாக இருப்பது வலுவான அபாயக் காரணி: 2006-இல் மெக்கார்மக்கும் டோஸ் சான்டோஸ் சில்வாவும் தொகுத்த ஆய்வில், 75 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களைவிட அபாயம் 4.64 மடங்கு. இங்கே மீள் அளவீடு இரைச்சலைக் குறைக்க மட்டும் இல்லை, போக்கையே ஒரு காரணியாகப் பார்க்க. எவ்வளவு இருக்கிறது என்பதோடு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்றும் கேட்கலாம்.

நேராகத் தோன்றும் வழி இது: ஒவ்வொரு பெண்ணின் எல்லா மேமோகிராமையும் எடுத்து ஒரு நேர்கோடு போடு, சாய்வைக் கண்டுபிடி, கேஸ் சாய்வையும் கண்ட்ரோல் சாய்வையும் ஒப்பிடு. இந்த வழி எங்கே வழுக்கும் என்று தெரிந்தே, அடர்த்திக்கும் நோய்க்கும் உறவே இல்லாத தரவில் ஓட்டினேன். 52 வயது வரை ஆண்டுக்கு 1.2 புள்ளி குறையும், அதன்பின் 0.5 புள்ளி. எல்லாப் பெண்களுக்கும் இதே வளைவு. 46 வயதில் சேர்ந்து பத்து வருடம் வந்தவரின் நேர்கோட்டுச் சாய்வு ஆண்டுக்கு 0.95 புள்ளி இறக்கம். 46 வயதில் சேர்ந்து 50 வயதில் நோய் கண்டறியப்பட்டு நின்றவருக்கு 1.2. உறவே இல்லாத தரவில் ‘வேகமாகக் குறைந்தவர்களுக்குப் புற்றுநோய்’ என்ற முடிவு பளிச்சென்று வருகிறது! கேஸ்களின் தொடர் சீக்கிரமே அறுந்துவிடுவதால் வளைவின் செங்குத்தான பகுதியை மட்டும் அவர்கள் காட்டுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு நான் வைத்த வைத்தியம் இரண்டு. முதலாவது, வயது வளைவை நேர்கோடாக நினைக்காமல் ஸ்ப்ளைனாக (வளைந்து கொடுக்கும் கோடாக) மிக்ஸ்டு மாடலின் நிலையான பகுதியில், அதாவது எல்லோருக்கும் பொதுவான பகுதியில், போடுவது. ஒவ்வொரு பெண்ணின் தொடக்க நிலையும் வேகமும் அந்தப் பொது வளைவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை ரேண்டம் எஃபெக்டாக விடுவது. லெய்ர்டும் வேரும் 1982-இல் கொடுத்த அமைப்பு அதுவே. இரண்டாவது, லேண்ட்மார்க். ஆய்வில் நாலாவது வருடத்தில் ஒரு கோடு கிழித்து, அதுவரை நோய் வராதவர்களை மட்டும் எடுத்து, அந்தக் கோட்டுக்கு முந்தைய படங்களை மட்டும் வைத்து வேகத்தை மதிப்பிட்டு, கோட்டுக்குப் பின் யாருக்கு வருகிறது என்று பார்ப்பது. எல்லோருக்கும் சம கால ஜன்னல். எதிர்காலப் படம் ஒன்றுகூட நிகழ்கால அபாயத்தில் கலக்காது. இரண்டையும் சேர்த்ததும் உறவில்லாத தரவில் விகிதம் 1-ஐச் சுற்றி அமைதியானது. அதற்கப்புறம்தான் உறவுள்ள தரவைத் தொட்டேன்.

மார்பகம் இரண்டு என்பது இன்னொரு வசதி. செயின்ட் லூயிசில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷு ஜியாங் குழு (ரோஸ்னரும் கோல்டிட்ஸும் அதில் உண்டு) 2023-இல் இதைத்தான் பயன்படுத்தியது. 289 கேஸ், 658 கண்ட்ரோல், 8710 மேமோகிராம். புற்றுநோய் வந்த மார்பகத்தில் அடர்த்தி இறங்கும் வேகம் குறைவாக இருந்தது என்பது அவர்கள் கண்டது. கவனியுங்கள், மேலே நான் உண்டாக்கிய பொய் முடிவுக்கு நேர் எதிர்த் திசை. ஒரே பெண்ணின் இடதையும் வலதையும் ஒப்பிடும்போது வயது, எடை, ஹார்மோன் மாத்திரை, அன்றைக்கு எந்தக் கருவி என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது. கால ஜன்னலும் ஒன்றே. இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மாடல் செய்ய வேண்டிய வேலையில் பாதியை உடம்பே செய்துவிடுகிறது.

நிரலில் இதைப் பெண், பெண்ணுக்குள் மார்பகம், மார்பகத்துக்குள் படம் என்று மூன்று அடுக்காக எழுத வேண்டும். மிக்ஸ்டு மாடலுக்கான எல்எம்இ4 தொகுப்பில் பெண் அளவிலும் மார்பக அளவிலும் தொடக்கமும் வேகமும் கொடுத்ததும் ‘பவுண்டரி (சிங்குலர்) ஃபிட்’ என்று எச்சரிக்கை வந்தது. ஒரு பெண்ணின் இரண்டு மார்பகங்களும் மிக நெருக்கமாகவே போகும் என்பதால், மார்பக அளவில் தனி வேகத்தைப் பிரிக்கத் தரவில் சத்து குறைவு. பரவற்படிப் பட்டியலைத் திறந்தால் மார்பக அளவில் தொடக்கத்துக்கும் வேகத்துக்கும் இடையே உறவு சரியாக மைனஸ் 1 என்று நின்றுகொண்டிருந்தது. இரண்டு மாற்றங்கள் செய்தேன். காலத்தை ‘வயது’ என்று 46, 47 என விடாமல், லேண்ட்மார்க் வருடத்தைப் பூச்சியமாக வைத்து மையப்படுத்தினேன். மார்பக அளவில் அந்த உறவு அளவுருவை நீக்கினேன்; ஃபார்முலாவில் ஒற்றைக் கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு. எச்சரிக்கை போய்விட்டது, நிலையான பகுதியின் கெழுக்கள் கிட்டத்தட்ட நகரவில்லை. எச்சரிக்கை வந்ததும் பயந்துபோய் மார்பக அடுக்கையே தூக்கி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் எட்டு படம் எடுத்த ஒரு மார்பகத்தை எட்டுத் தனித்தனி சாட்சிகளாக எண்ணியது போலாகி, பிழை அளவு பொய்யாகச் சுருங்கும்.

மிக்ஸ்டு மாடல் தரும் தனிநபர் மதிப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படம் குறைவாக உள்ளவரை அது பொதுச் சராசரியை நோக்கி இழுக்கும். முந்தைய எஸ்ட்ரடையால் கணக்கிலேயே சொன்னால், ஒரே அளவீடு உள்ளவரின் விலகலில் 60 சதவீதத்தைத்தான் நம்பும். நாலு அளவீடு இருந்தால் 86 சதவீதம். கேஸ்களுக்குப் படம் குறைவு, கண்ட்ரோல்களுக்கு அதிகம் என்றால் இழுப்பும் வேறுபடும். லேண்ட்மார்க்கில் ஜன்னல் ஒன்றாக இருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்குகிறது. மொத்தத் தொடரையும் பயன்படுத்த வேண்டுமென்றால் ஜாயின்ட் மாடல்தான் வழி: அடர்த்தியின் போக்கையும் நோய் வரும் நேரத்தையும் ஒரே நேரத்தில் மதிப்பிடுவது.

அதை ஜேஎம்பேயஸ்2 தொகுப்பில் கட்டினேன். முதலில் என்எல்எம்இ தொகுப்பின் எல்எம்இ, அப்புறம் காக்ஸ், இரண்டையும் ஜேஎம் என்ற ஃபங்ஷனிடம் கொடுத்து, கால மாறியின் பெயரைச் சொன்னால் போதும். அடர்த்தியின் இப்போதைய மதிப்பும் இப்போதைய வேகமும் தனித்தனியாக அபாயத்தோடு எப்படித் தொடர்புடையவை என்று கேட்க வழியிருக்கிறது. அளவீட்டுத் தரவிலும் நோய்த் தரவிலும் பெண்களின் வரிசை ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். இந்தப் படியில் இரண்டு மார்பகங்களின் சராசரியை மட்டும்தான் எடுத்தேன். மார்பக அடுக்கு இங்கே வந்தால் கணினி திணறுகிறது. 5000 பேருக்குப் பதில் எல்லாக் கேஸ்களையும், கண்ட்ரோல்களில் ஒரு சிறு மாதிரியையும் எடுத்து ஓட்டலாமே என்று ஆசை வரும். அப்படி எடுத்தால் அடிப்படை விகிதம் கெட்டுவிடும், எடையிட்டு ஈடுகட்ட வேண்டும். நான் இரவில் ஓட விட்டு, காலையில் ஆர்-ஹேட் (தனித்தனியாக ஓடும் கணக்குச் சங்கிலிகள் ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) எல்லாம் 1.05-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். மதிப்புக்கான கெழு சீக்கிரம் நிலைத்தது. வேகத்துக்கான கெழுவின் சங்கிலிகள்தான் நெடுநேரம் அலைந்தன. சுற்றுகளைக் கூட்டியதும் சேர்ந்தன. இடைவெளி மட்டும் அகலமாகவே இருந்தது. ஆளுக்கு நாலைந்து படம் வைத்துக்கொண்டு வேகத்தைப் பற்றி இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்து நிரலில் கருவி என்ற பத்தியைச் சேர்க்கிறேன். பிலிம் மேமோகிராமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய வருடத்தில் அளந்த அடர்த்தி சட்டென்று குதிக்கும், அந்தக் குதிப்பைப் பெண்ணின் சொந்த வேகம் என்று மாடல் எடுத்துக்கொள்ளும். அதையும் முதலில் உறவில்லாத தரவில்தான் ஓட்டப் போகிறேன்.